புரொக்ரசிவ் கண்ணாடி: “பழகும்” என்று சொல்வதற்கு முன்

வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் இம்முறை கண்ணாடிக் கேள்விகளே அதிகம். எல்லாம் புரொக்ரசிவைப் பற்றியவை, அதாவது மேலே தூரத்துக்கும் கீழே வாசிக்கவும், இடையில் கோடு தெரியாமல் பவர் படிப்படியாகக் கூடும் லென்ஸ். பாதி கடைக்காரர்களுடையவை, மீதி கண்ணாடி போட்டவர்களுடையவை. பிரித்துப் போடாமல் ஒன்றாகவே பதில் சொல்கிறோம். கடைக்காரருக்குச் சொல்வதை வாடிக்கையாளரும் படித்தால் நட்டமில்லை.

கிளிநொச்சியில் சின்னக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற அதிபர் ஒருவருக்கு முதன்முதலாகப் புரொக்ரசிவ் போட்டுக் கொடுத்தோம். மூன்றாம் நாள் வந்து, “வாசிக்க நாடியைத் தூக்க வேண்டிக் கிடக்கு, படியிறங்கப் பயமாயிருக்கு, காசைத் திருப்பித் தாங்கோ” என்று மற்றவர்கள் முன்னால் சத்தம் போட்டார். “போகப் போகப் பழகும் சேர்” என்று எங்கள் பெடியன் சொன்னதும் கோபம் இன்னும் கூடிவிட்டது. இப்படியானவர்களை எப்படிச் சமாளிப்பது?

கோபத்தைக் கூட்டியது பெடியனின் அந்த வசனம்தான். சொன்னது பொய்யல்ல. முதன்முறை புரொக்ரசிவ் போடுபவருக்கு இரண்டு கிழமை வரை எடுப்பது வழமை. ஆனால் அளந்து பார்க்காமல் சொன்னால், “கண்ணாடி சரி, பிழை உங்களில்தான்” என்றே அது காதில் விழும். அளந்த பிறகு சொன்னால் அதே வசனம் வேறு மாதிரிக் கேட்கும்.

முதலில் கதிரையைப் போட்டு இருத்துங்கள். “எதைப் பார்க்கேக்கை கரைச்சல் எண்டு ஒண்டொண்டாச் சொல்லுங்கோ சேர், எழுதிக்கொள்ளுறன்” என்று அட்டையை எடுத்து, அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். காசைப் பற்றிக் கேட்டால் மறுக்கவும் வேண்டாம், வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்: “அளந்து பார்த்திட்டு அதையும் கதைப்பம்.”

அடுத்ததில்தான் பல கடைகள் தவறுகின்றன. வந்தவுடன் கண்ணாடியைக் கழற்றி வாங்காதீர்கள். அவர் முகத்தில் அது எப்படி இருந்தது என்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய தடயம். மூக்கில் சறுக்கி இறங்கியிருக்கிறதா, ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறதா, லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடைவெளி 12 முதல் 14 மி.மீ. அளவில் இருக்கிறதா, கீழ் விளிம்பு கன்னத்தை நோக்கி 8 முதல் 12 பாகை வரை சாய்ந்திருக்கிறதா என்று எதிரிலும் பக்கவாட்டிலும் பாருங்கள். பிறகு ஒரு பத்திரிகையைக் கையில் கொடுத்து, வீட்டில் வாசிப்பதுபோல் வாசிக்கச் சொல்லுங்கள். தலையை இப்படி வையுங்கள் என்று நீங்கள் ஒன்றும் சொல்லக்கூடாது. அவர் நாடி எங்கே போகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

வாசிக்க நாடியை உயர்த்துகிறார் என்றால் காரணம் மூன்றில் ஒன்று. லென்ஸ் கண்ணுக்குக் கீழே இருக்கிறது. அல்லது வாசிப்புக்காகக் கூட்டிய பவர், அதாவது அடிஷன், போதாது. அல்லது சின்னப் பிரேமுக்குள் வெட்டியதில் வாசிக்கும் பகுதியே அறுபட்டுப் போயிருக்கிறது. கடைசியானது நம் கடைகளில் அடிக்கடி நடக்கிறது. ஃபிட்டிங் உயரம், அதாவது கருமணியின் நடுவிலிருந்து லென்ஸின் அடி விளிம்பு வரை, குறைந்தது 18 மி.மீ. கேட்கும் டிசைனை 15 மி.மீ. உள்ள பிரேமில் போட்டால், வாடிக்கையாளர் காசு கொடுத்த பகுதி லாப்பின், அதாவது லென்ஸ் செய்து வெட்டித் தரும் இடத்தின், மெஷினில் தூளாகப் போய்விடும். அப்படியான பிரேமுக்கு 14 மி.மீ. போதுமான குறுகிய டிசைன் இருக்கிறது. இல்லையென்றால் பிரேமைத்தான் மாற்ற வேண்டும்.

தூரத்தைப் பார்க்க நாடியைத் தாழ்த்துகிறார் என்றால் லென்ஸ் உயரத்தில் நிற்கிறது. தலையைப் பக்கவாட்டில் திருப்பித்தான் எழுத்தைப் பிடிக்கிறார் என்றால் பி.டி., அதாவது கருமணிகளுக்கு இடையிலான தூரம், பிழை என்று சந்தேகியுங்கள். ஒரு கண்ணை மறைத்து மற்றதைச் சோதித்தால் எந்தக் கண்ணென்று தெரிந்துவிடும். தலையை எப்படி வைத்தாலும் தூரம் மங்கல் என்றால், இடத்தில் பிழையில்லை, பவரைப் பாருங்கள்.

லென்ஸ் கீழே நின்றால் மூக்குப் பட்டிகளை நெருக்குங்கள், பிரேம் மேலே ஏறும். அப்போது அது முகத்தை விட்டு விலகவும் பார்க்கும். ஆகவே பட்டியின் கம்பியைக் கீழ்நோக்கி வளைத்தால் இன்னும் நல்லது. பட்டி இறங்க, பிரேம் ஏறும், விலகாது. உயரத்தில் நின்றால் பட்டிகளை அகட்டுங்கள். இப்படி 1 அல்லது 2 மி.மீ. வரை சரிக்கட்டலாம், அதற்கு மேல் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பட்டி இல்லாத பிளாஸ்ரிக் பிரேமில், ஒட்டும் சிலிக்கன் பட்டியால் சற்று உயர்த்தலாம். இறக்க வழி குறைவு.

பவரைச் சோதிக்கக் கடை வாசலுக்கு அழைத்து வந்து வீதிக்கு அப்பாலுள்ள பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். கண்ணாடிக்கு முன்னால் −0.25 ட்ரயல் லென்ஸை (பவர் சோதிக்கும் தனி லென்ஸை) பிடித்ததும் “ஓ, இப்ப வடிவா இருக்கு” என்றால் பிளஸ் கூடிப்போயிருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துத் தூரத்தைக் கூட்டாமல் 3 மீற்றர் அறையிலேயே சோதித்தால் இது வரும். 3 மீற்றரில் தெளிவாகத் தெரியும் பவர், உண்மையான தூரத்துக்கு ஏறத்தாழ 0.33 கூடுதல். ஒற்றைப் பவர் லென்ஸ் போட்டவர் இதைப் பொறுத்துக்கொள்வார், புரொக்ரசிவ் போட்டவர் பொறுக்கமாட்டார். வாசிப்பதற்கும் இதேபோல +0.25 பிடித்துப் பாருங்கள்.

படியிறங்கும் பயம் வேறு விடயம். லென்ஸின் அடிப்பகுதி 40 செ.மீ. தூரத்துக்கானது. கால் இருப்பதோ 150 செ.மீ. தள்ளி. நாடியை நெஞ்சுப் பக்கம் இறக்கி, லென்ஸின் மேற்பகுதியால் படியைப் பார்க்க வேண்டும். கடை வாசற்படியிலேயே இரண்டு தரம் ஏறி இறங்கச் செய்து காட்டுங்கள். கண்ணாடி கொடுத்த அன்றே இதைச் செய்திருந்தால் மூன்றாம் நாள் சத்தம் வந்திராது.

முடித்தபின் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: “2 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது சேர், ஏத்தி விட்டிருக்கிறன். பத்து நாளைக்கு இதை மட்டும் போடுங்கோ, பழசைத் தொடாதேங்கோ. வாற கிழமை நானே போன் எடுப்பன்.” போன் எடுக்கவும் வேண்டும்.

வவுனியாவில் கண்ணாடிக் கடையொன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தேன். திரும்பி வரும் புரொக்ரசிவ் லென்ஸில் மை அடையாளங்கள் துடைபட்டிருக்கின்றன. அளவு சரியா என்று எப்படிப் பார்ப்பது?

மை போனாலும் செதுக்கல் போகாது. ஒவ்வொரு லென்ஸிலும் கண்ணுக்கு இலேசில் தெரியாத இரண்டு சின்னக் குறிகள் 34 மி.மீ. இடைவெளியில் செதுக்கப்பட்டிருக்கும். இருண்ட பின்னணியில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சரித்துப் பிடியுங்கள். தெரியாவிட்டால் லென்ஸில் ஒருதரம் மூச்சு விடுங்கள், ஆவி விலகும்போது பிடிபடும். காதுப் பக்கக் குறியின் கீழே அடிஷன் இருக்கும் (2.00 என்றோ 20 என்றோ), மூக்குப் பக்கத்தில் தயாரித்த நிறுவனத்தின் முத்திரை. அந்த நிறுவனத்தின் மார்க்கிங் சார்ட்டில் இரண்டு குறிகளையும் பொருந்த வைத்து, கருமணிக்கு நேரே வரவேண்டிய சிலுவைக் குறியையும், தூர, கிட்ட வட்டங்களையும் பேனையால் திரும்ப வரையுங்கள். வேறு நிறுவனத்தின் சார்ட் உதவாது. சிலுவைக் குறியின் உயரம் டிசைனுக்கு டிசைன் மாறும்.

வரைந்த கண்ணாடியை வாடிக்கையாளருக்குப் போட்டு, அவருக்கு எதிரே, அவர் கண் மட்டத்திலேயே உட்காருங்கள். உங்கள் வலக்கண்ணை மூடி, திறந்திருக்கும் இடக்கண்ணைப் பார்க்கச் சொன்னால் அவர் வலக் கருமணி எங்கே விழுகிறதென்று தெரியும். மறுகண்ணுக்கு மாறிச் செய்யுங்கள். சிலுவைக் குறி இரு கண்ணிலும் கருமணியின் நடுவில் இருக்க வேண்டும். 1 மி.மீ. தாண்டி விலகினால் குறித்து வையுங்கள்.

நின்றபடி அளக்காதீர்கள். நீங்கள் நின்றால் அவர் உங்களை அண்ணாந்து பார்ப்பார், உயரம் கூடுதலாக வரும், கண்ணாடி போனபிறகு “தூரம் மங்குது” என்று திரும்பி வரும். அதேபோல பிரேமை முகத்துக்குச் சரிசெய்த பிறகுதான் முதல் அளவே எடுக்க வேண்டும். அளந்துவிட்டுப் பிறகு பட்டியை வளைத்தால் அளந்தது வீண். மொத்த பி.டி. 64 என்பதற்காக 32, 32 என்று பிரித்து எழுதும் வழக்கத்தையும் விடுங்கள். மூக்கு நடுவிலிருந்து ஒரு கண் 31, மற்றது 33 என்று இருப்பது சாதாரணம்.

புதுக்குடியிருப்பில் வீட்டில் தையல் தொழில் செய்கிறேன். வயது 52. புதுக் கண்ணாடியில் ஊசி தெரிகிறது, ஆனால் துணியின் இரு ஓரமும் நெளிகிறது. தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து நோகிறது. கடையில் “விலை கூடின லென்ஸ் போட்டால் சரிவரும்” என்கிறார்கள்.

ஓரம் நெளிவது புரொக்ரசிவின் பிறவிக்குணம். வாரிலக்ஸ் என்ற புரொக்ரசிவ் லென்ஸ் முதன்முதல் 1959இல் பிரான்சில் வந்தது. அன்றிலிருந்து டிசைன்கள் எவ்வளவோ திருந்திவிட்டன, ஆனாலும் இந்தக் குணத்தை அடியோடு ஒழிக்க ஒருவராலும் முடியவில்லை. மேலிருந்து கீழே பவர் கூடக்கூட, நடுக்கோட்டின் இரு பக்கமும் வேண்டாத சிலிண்டர், அதாவது உருவத்தை நெளிக்கும் பவர், அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் கூடும் என்று 1963இல் கணிதவியலாளர் மின்க்விட்ஸ் கணக்காகவே காட்டினார். அடிஷன் 2.00, அது 14 மி.மீ. நீளத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மி.மீற்றருக்கு 0.14 ஏறும், பக்கவாட்டில் மி.மீற்றருக்கு 0.28 குழம்பும். நடுவிலிருந்து 1.75 மி.மீ. போனாலே அரை டயப்ரர் (பவரின் அலகு) சிலிண்டர். அதாவது நடுத்தூரத்துக்குத் தெளிவான பாதையின் அகலம் மொத்தமே 3.5 மி.மீ. அளவுதான். பி.டி. 2 மி.மீ. பிழைத்தால் ஏன் ஆளே புலம்புகிறார் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

விலை கூடின லென்ஸ் குழப்பத்தைப் பரவலாக்கி மென்மையாக்கும், கொஞ்சம் அகலமும் தரும். நாள் முழுக்க மெஷினுக்கு முன் இருப்பவருக்கு அதில் காசைக் கொட்டுவது எங்கள் கருத்தில் சரியான செலவல்ல. புரொக்ரசிவை வெளியே போகவரப் போடுங்கள். தையலுக்கு ஒற்றைப் பவர்க் கண்ணாடி ஒன்று செய்யுங்கள், அது மலிவு, ஓரம் நெளியாது. கண்ணிலிருந்து ஊசிவரை நாடாவால் அளந்து அந்த எண்ணைக் கடையில் கொடுங்கள். 100ஐ அந்தச் சென்ரிமீற்றரால் வகுத்தால் அந்தத் தூரத்துக்கு வேண்டிய பவர் வரும்: 40 செ.மீ. என்றால் 2.50, 50 செ.மீ. என்றால் 2.00. அதில் உங்கள் கண்ணே போடும் பங்கைக் கழித்து மீதியைத் தூரப் பவரோடு கூட்டுவது சோதிப்பவர் வேலை.

கழுத்து நோ முன்பு இல்லாமல் இப்போது வந்ததென்றால், ஒரு கண்ணின் பி.டி.யையும் பார்க்கச் சொல்லுங்கள்.

துணுக்காயில் அப்பா வயல் செய்கிறார், வயது 67. பைபோக்கல் (கோடு தெரியும் இரண்டு பவர்க் கண்ணாடி) போட்டவருக்குப் புரொக்ரசிவ் மாற்றினோம். வரம்பில் நடக்கத் தடுமாறுகிறார். ஒரு கண் புரை சத்திரசிகிச்சை செய்தது. வாசிக்கும்போது எழுத்து இரண்டாகவும் தெரிகிறதாம்.

வரம்புக்குப் புரொக்ரசிவ் போட்டு அனுப்பாதீர்கள். ஈர வரம்பில் கால் வைக்கும் இடம் மங்கலாகத் தெரிவது ஆபத்து, மைம்மல் நேரத்தில் பாம்பும் கயிறும் ஒன்றுபோலத் தெரியும். வயலுக்குத் தூரப் பவர் மட்டுமுள்ள கண்ணாடி ஒன்று போதும்.

இரண்டாகத் தெரிவதைப் பழக விடக்கூடாது. சத்திரசிகிச்சை செய்த கண்ணுக்கும் மற்றக் கண்ணுக்கும் பவர் வித்தியாசம் 2.00 என்று வைத்துக்கொண்டால், லென்ஸின் நடுவிலிருந்து 10 மி.மீ. கீழிறங்கி வாசிக்கும்போது இரு கண்ணுக்கும் இடையில் 2 பிறிசம் (லென்ஸ் ஒளியை விலக்கும் அளவு) மேல்கீழ் வித்தியாசம் உண்டாகும். பலருக்கு அதைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. பிரேமை ஏற்றி இறக்கி இது தீராது. வாசிப்புக்கென்று தனிக் கண்ணாடி செய்தால் லென்ஸின் நடுவாலேயே பார்ப்பார், அந்த வித்தியாசம் வராது. ஒரு கண்ணை மூடிய பிறகும் இரண்டாகத் தெரிந்தாலோ, கண்ணாடி இல்லாமலும் இரண்டாகத் தெரிந்தாலோ, கடைக்குப் போகாமல் வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். திடீரென்று வந்தால் அன்றே.

லென்ஸோமீற்றரில் (லென்ஸின் பவரை அளக்கும் கருவியில்) வைத்தால் மருந்துச்சீட்டுப் பவர் வரவில்லை. லாப் பிழையா? (முல்லைத்தீவு)

லென்ஸ் வந்த உறையைப் பாருங்கள். ஃப்ரீஃபோம் வகைகளில் (கணினி வழி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செதுக்கும் லென்ஸ்களில்) உறையில் இரண்டு பவர் அச்சிட்டிருக்கும், ஒன்று நீங்கள் ஓடர் கொடுத்தது, மற்றது பிரேமின் சரிவுக்கும் கண்ணிலிருந்து லென்ஸின் தூரத்துக்கும் ஏற்பத் திருத்தியது. லென்ஸோமீற்றரில் வரவேண்டியது இரண்டாவது. உறையை எறிந்துவிட்டு லாப்புடன் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. இரு லென்ஸிலும் ஒரே அளவில் பிறிசம் காட்டினால் அதுவும் பிழையல்ல, லென்ஸை மெல்லியதாக்க வேண்டுமென்றே போடுவது. இரண்டுக்கும் இடையே மேல்கீழ் வித்தியாசம் இருந்தால் மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

எல்லா அளவும் சரி, பிரேம் சரி, ஆனாலும் ஒரு அம்மா ஒரு நாள் நல்லம் என்கிறார், மறுநாள் மங்கல் என்கிறார். என்ன செய்வது? (பரந்தன்)

நீரிழிவு இருக்கிறதா என்று கேட்டீர்களா? இரத்தத்தில் சீனி கூடிக் குறைய, கண்ணின் வில்லை நீரை எடுத்தும் விட்டும், பவரே மாறும். சீனி கூடியிருந்த கிழமையில் சோதித்துச் செய்த கண்ணாடி, மருந்து பிடித்துச் சீனி இறங்கியதும் பொருந்தாது. அவருக்கு மறுபடி லென்ஸ் போடுவது உங்களுக்கும் நட்டம், அவருக்கும் நட்டம். சீனி கட்டுப்பாட்டுக்கு வந்து சில வாரம் போகட்டும். பிறகு வெவ்வேறு நாளில் இரண்டு தரம் சோதித்து, இரண்டும் 0.25க்குள் ஒத்து வந்தால் ஓடர் கொடுங்கள். விழித்திரைப் பரிசோதனை செய்தாரா என்றும் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அது வேண்டும்.

மாங்குளத்தில் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் ஓடுகிறேன். காலையில் தெளிவாக இருக்கிறது, மத்தியானம் போனில் எழுத்து தெரிவதில்லை.

காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் வியர்வைதான் வித்தியாசம். கண்ணாடி 3 மி.மீ. சறுக்கினால் வாசிக்கும் பகுதி கண்ணுக்கு எட்டாமல் கீழே போய்விடும். பிரேமின் கையின் வளைவு காதின் மேல் விளிம்பைத் தாண்டியவுடன் தொடங்குகிறதா என்று கடையில் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் தள்ளி வளைந்திருந்தால் எத்தனை தரம் தூக்கிவிட்டாலும் இறங்கத்தான் செய்யும். முழுமுக ஹெல்மெற் என்றால் அதைப் போட்ட பிறகு கண்ணாடியைச் செருகுங்கள். கண்ணாடியோடு ஹெல்மெற்றை இழுத்தால் பஞ்சு கைகளை அகட்டிவிடும். போனைப் பெரும்பாலானோர் 40 செ.மீ. தூரத்தில் பிடிப்பதில்லை, 30, 35 செ.மீற்றரில்தான் பிடிக்கிறார்கள். உங்கள் பழக்கத்தைச் சோதனையின்போதே காட்டுங்கள்.

வெயிலில் ஓட்டோவின் முன்தட்டில் கண்ணாடியை வைக்கவும் வேண்டாம். சூட்டில் பிளாஸ்ரிக் லென்ஸ் விரியும் அளவுக்கு மேற்பூச்சு விரியாது, சிலந்திவலை போல வெடிக்கும். “பவர் பிழை” என்று வரும் சில கண்ணாடிகளில் பிழை இந்த வெடிப்புத்தான். கிரவல் வீதிப் புழுதியைச் சாரத்தால் துடைக்காமல் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூடிய இடமென்றால் காயமுதல் மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளி படியும்.

வாங்கி இரண்டு மாதம். நான்கு தரம் போய்விட்டேன், “பழகும்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அளந்து பார்க்கவும் இல்லை. (மல்லாவி)

பில், மருந்துச்சீட்டு, லென்ஸ் உறை அல்லது உத்தரவாத அட்டை மூன்றையும் எடுத்து வையுங்கள். கடைக்கு ஒரு கடிதம் கொடுத்து, சிலுவைக் குறியின் உயரத்தையும் பி.டி.யையும் உங்கள் முன்னால் அளந்து காட்டும்படி கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

எப்போது புதிதாகச் செய்து கொடுப்பது? ஒவ்வொருவருக்கும் மாற்றிக் கொடுத்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். (கிளிநொச்சி, மேலே எழுதியவரே)

அளவு 1 மி.மீற்றருக்கு மேல் பிழைத்து, பிரேமை வளைத்தும் திருந்தாவிட்டால் நாள் எண்ண வேண்டாம், உடனே மாற்றுங்கள். பிழை உங்களுடையது, செலவும் உங்களுடையது. பவர் 0.25 தவறியிருந்தால் வாடிக்கையாளருக்கு உறுத்துகிறதா என்று வெளியில் நடக்கவிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். எல்லாம் சரியாக இருந்து இரண்டு கிழமை ஒழுங்காகப் போட்ட பிறகும் தலைசுற்றினால், அதே டிசைனைத் திரும்பச் செய்து பயனில்லை. அவருடைய பழைய கண்ணாடியை வாங்கி அடிஷன், லென்ஸின் வளைவு, சிலிண்டர் அச்சு மூன்றையும் ஒப்பிட்டு, எது பெரிதாக மாறியதோ அதைப் பழைய பக்கம் கொண்டுபோங்கள். அதற்கும் சரிவராதவர் ஒரு சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு பைபோக்கலோ, தூரத்துக்கொன்று வாசிக்கவொன்று என இரண்டு கண்ணாடியோ கொடுத்து விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

கடை பூட்டாமலிருக்க வழி லாப்புடன் பேசும்போது இருக்கிறது. பழக முடியாதவர்களின் லென்ஸைக் குறித்த நாளுக்குள் மாற்றித் தரும் திட்டம் பல லென்ஸ் நிறுவனங்களுக்கு உண்டு. எத்தனை நாள், எத்தனை தரம், பவர் மாறினால் ஏற்பார்களா என்பதை ஓடருக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். கொழும்புக்குப் பார்சல் போய்வரும் நாளும் அந்தக் கணக்கில் ஓடும், ஆகவே வாடிக்கையாளரை முதல் கிழமையிலேயே நீங்கள் கூப்பிட வேண்டும். அட்டையில் தனித்தனிப் பி.டி., ஃபிட்டிங் உயரம், பிரேம் அளவு, டிசைன் பெயர், முறைப்பாட்டின் சொற்கள், செய்த திருத்தம் எல்லாம் இருக்கட்டும். அது இல்லாமல் அனுப்பும் லென்ஸை லாப் கேள்வி கேட்காமல் மாற்றாது.

அதிபருக்கு உங்கள் கடையில் இன்னும் போன் எடுக்கவில்லையென்றால் இன்றைக்கே எடுங்கள்.